செருப்பும் சேற்றுப்புண்ணும்

ஊர்த்தெருவைக் கடக்கும்வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலத்தை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் காலணி அணிவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

தெருவில் செருப்பு வந்துவிட்டது. வேலையில் வரவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நடவுக்குப் போகும் நம் பெண்கள் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறார்கள். விரலிடுக்கு வெந்து சேற்றுப்புண் வருகிறது. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு அடிக்கட்டை குத்துகிறது. மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளும் போகிறோம். போகாவிட்டால் கூலி ஏது?

சர்க்கரை நோய் இருந்தால் இதுவே ஆபத்து. கால் மரத்துப்போய் முள் ஏறினாலும் தெரியாது. புண் அழுகிய பிறகு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஓடினால், காலையே எடுக்க வேண்டி வரலாம். இதைத் தடுக்கத்தான் அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம். சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரவில் கால் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். பார்வை மங்கிய பெரியவர்களுக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

தூய்மைப் பணியாளர்கள் வெறுங்காலோடு சாக்கடையில் இறங்குவதற்கு ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவது பழைய சாக்கு. இந்த வருஷம் எத்தனை ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினீர்கள் என்று அடுத்த கிராம சபையில் கேட்போம்.