பச்சை லைட் எரிஞ்சா காணுமோ?

இந்தக் கிழமை எபிசோட்டில பக் பிடிக்கிறதைப் பற்றிக் கதைச்சனாங்கள். டெஸ்ட் எழுதிப் பிடிக்கிறது நல்லதோ, கோட்டை வாசிச்சுப் பிடிக்கிறது நல்லதோ? நான் வாசிக்கிற கட்சி. அதுக்கான காரணம் எங்கடை ஊருக்குப் பக்கத்திலயே இருக்கு.

401 இல ஒஷாவாவைத் தாண்டிக் கிழக்கை போனா டார்லிங்டன் அணுமின் நிலையம். ஆபத்து எண்டா உலையை நிப்பாட்ட அங்கை ரெண்டு தனித்தனி அமைப்புகள். ஒண்டின்ர மென்பொருள் ஃபோர்ட்ரானில, மற்றது பாஸ்கலில. எழுதினது வேறவேற குழுக்கள். 1980களின் கடைசியில டெஸ்ட் எல்லாம் செய்தும், அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நம்பிக்கை வரேல்லை. டேவிட் பார்னாஸ் எண்ட பேராசிரியரிட்டை ஆலோசனை கேட்டது.

அவற்ர முறைக்குப் பொறுமை வேணும். என்ன நடக்கவேணும் எண்டு ஒரு குழு அட்டவணை போடும். கோட் உண்மையில என்ன செய்யுது எண்டு வாசிச்சு இன்னொரு குழு அட்டவணை போடும். மூன்றாவது குழு ரெண்டையும் ஒப்பிடும். நாலாவது குழு அந்த வேலையைச் சரிபார்க்கும். டெஸ்ட் தாண்டி வந்த கோட்டிலயும் பொருந்தாத இடங்கள் பிடிபட்டுது. அனுமதி பிந்திச்சுது, செலவும் ஏறிச்சுது. முதல் உலை 1990 இலதான் வணிக உற்பத்திக்கு வந்தது.

அதே காலத்துக் கதை இன்னொண்டு. கனடாவில செய்த தெராக்-25 எண்ட கதிர்சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சின கதிரைக் குடுத்தது. அதில ஒருவர் ஹமில்டனில. சிலர் இறந்தும் போச்சினம். டெக்சாஸில வந்த பிழை, இயக்குறவர் கெதியா டைப் பண்ணித் திருத்தினா மட்டும்தான் வரும். ஆறுதலா டைப் பண்ணிப் பார்த்தவைக்கு அது பிடிபடேல்லை. டெஸ்ட் அப்பிடித்தான்: எங்களுக்குக் கேக்கத் தோன்றின கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

வாசிக்கிறவையும் களைச்சுப் போவினம், உண்மைதான். பார்னாஸும் வாசிப்போட நிக்கேல்லை. எழுந்தமான டெஸ்டும் வேணும் எண்டவர். ஆனா அந்த நாலு குழுவின்ர சாரம், எழுதினவரே தன்னைச் சரிபார்க்கக் கூடாது எண்டதுதான்.

இப்ப பாருங்கோ: ஏஐ கோட்டை எழுதுது, அதுக்கு டெஸ்டையும் தானே எழுதுது. எல்லாம் பச்சை. நாங்கள் மெர்ஜ் பண்ணிப்போட்டு டிம் ஹோர்ட்டன்ஸுக்குப் போறம். ஒரே ஆள் கேள்வித்தாளும் செய்து, விடையும் எழுதி, புள்ளியும் போட்டமாதிரி. ஒவ்வொரு ஆப்புக்கும் நாலு குழு வைக்கேலாது. ஆனா காசு, மருந்து, ஆக்களின்ர உயிர் சம்பந்தப்பட்ட கோட் எண்டா, அதை எழுதாத ஒராளாவது வரிவரியா வாசிக்கவேணும்.

உங்கடை டீமில ஆர் வாசிக்கினம்? எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில கதைப்பம்.