சென்டர் என்றால் முள்!

உங்கள் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஜெராக்ஸ் சென்டர், ஃபேன்சி சென்டர், மொபைல் சர்வீஸ் சென்டர்... சந்தின் கடைக்கோடியில் இருக்கும் கடைக்கும் பெயர் சென்டர்தான்! அது எதற்கு நடுவில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வியாபாரத்துக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரேக்க மொழியில் 'கென்ட்ரோன்' என்றால் கூர்முனை. நம் வண்டிக்காரர்கள் மாட்டை முடுக்க வைத்திருந்தார்களே தார்க்குச்சி, அதற்கும் இதே பெயர். தேளின் கொடுக்குக்கும் இதே பெயர்! வட்டம் போட காம்பஸின் ஒரு முள்ளை ஊன்றுகிறோம் அல்லவா? அந்த முள் குத்திய இடமும் கென்ட்ரோன் ஆயிற்று. அதுவே லத்தீனில் 'சென்ட்ரம்' ஆகி, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

நாம் அன்றாடம் சொல்லும் 'மர்கஸ்' என்ற அரபுச் சொல்லையும் பாருங்கள். ஈட்டியை மண்ணில் ஊன்றுவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது அது. யூக்ளிடின் வடிவக் கணிதம் அப்பாஸிய கலீஃபாக்கள் காலத்தில் பாக்தாதில் அரபியாக்கப்பட்டது. வட்டத்தின் மையத்துக்கு அரபுக் கணிதம் வைத்திருக்கும் பெயர் இந்த மர்கஸ்தான். இரண்டு மொழி, ஒரே எண்ணம்! மையம் தானாக முளைப்பதில்லை. ஒருவர் கொண்டு வந்து ஊன்றுகிறார். அதன் பிறகுதான் வட்டம்.

இப்போது டெல்லிக்கு வருவோம். பத்திரிகைகள் 'சென்டர்' என்கின்றன. நாமும் 'மத்திய அரசு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை 'மாநிலங்களின் ஒன்றியம்' என்றுதான் சொல்கிறது. 2021ல் தமிழக அரசு 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியபோது சிலர் ஏன் அப்படிப் பதறினார்கள்? சட்டத்தில் இருக்கும் சொல்லைச் சொல்வது எப்படிக் குற்றமாகும்?

வெறும் சொல் சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள், குறிப்பாக வியாபாரம் செய்பவர்கள். ஜி.எஸ்.டி.க்காக 2016ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் புதிய பிரிவில் ஓட்டு மதிப்பைச் சொல்லும் இடம் ஒன்றியம் என்று சொல்லவில்லை, 'மத்திய அரசு' என்றே சொல்கிறது! ஜி.எஸ்.டி. கவுன்சிலில் அதற்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போடுங்கள். எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் நூற்றுக்கு 67ஐத் தாண்டாது, தேவையோ 75. டெல்லி தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அது வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது.

கவுன்சிலின் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓட்டுக் கணக்கு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கல்லாவில் விழும் ஒவ்வொரு பில்லின் வரி விகிதமும் அந்த மேசையில்தான் பேசி முடிக்கப்படுகிறது.