பாவம், ஹார்ட் டிஸ்க் மேல் ஏன் பழி?

சி.டி.யைப் போட்டு விண்டோஸ் நிறுவும்போது பாதியில் நின்றுவிட்டால், நம் ஊரில் மூன்றே மூன்று தீர்ப்புதான். "சி.டி. சரியில்லை", "வைரஸ் இருக்கு", "ஹார்ட் டிஸ்க் போச்சு". மூன்றாவது தீர்ப்புதான் ஆபத்தானது. புது டிஸ்க்குக்குக் காசு போகும். பழையதில் இருந்த குடும்பப் புகைப்படங்களும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் குப்பைக்குப் போகும்.

இத்தனைக்கும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பல பேர் படிப்பதே இல்லை.

எக்ஸ்.பி.யையே எடுத்துக்கொள்வோம். அது வெளியானது 2001 அக்டோபரில். பிறகு வந்த பல போர்டுகளில் சாட்டா டிஸ்க்குகள் ஏ.எச்.சி.ஐ. முறையில் இயங்கின. அதற்கான டிரைவர் எக்ஸ்.பி. சி.டி.யில் கிடையாது. அதனால் "ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும். டிஸ்க் என்னவோ நலமாகத்தான் இருக்கும்! பயாஸில் ஐ.டி.இ. முறைக்கு மாற்றினாலோ, ஆரம்பத்தில் எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் இருந்து டிரைவரைக் கொடுத்தாலோ வேலை முடிந்தது.

இன்னொரு கூத்து. ஃபைல்களை எல்லாம் காப்பி செய்து முடித்ததும் கணினி ரீஸ்டார்ட் ஆகும். "சி.டி.யில் இருந்து பூட் செய்ய ஏதாவது கீயை அழுத்தவும்" என்று மறுபடியும் கேட்கும். இந்த முறை அழுத்தக் கூடாது. அழுத்தினால் எல்லாம் முதலில் இருந்து! இதைத்தான் பலர் "வைரஸ்" என்றார்கள்.

லினக்ஸ் பக்கம் வந்தால், ஐ.எஸ்.ஓ. ஃபைலை அப்படியே ஒரு சாதாரண ஃபைலாக சி.டி.யில் எழுதிவிட்டு "பூட் ஆகவில்லை" என்று புலம்புவது. சி.டி.யைத் திறந்தால் உள்ளே ஒற்றை ஃபைல் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் எழுதிய விதம்தான் தப்பு.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் யாரும் பேரேட்டைக் கிழித்துப் போடுவதில்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்தாலும், பிழையைத் தேடித்தான் ஆக வேண்டும். கணினி உலகின் அனாமத்துக் கணக்குதான் "வைரஸ்". அதில் போட்டதோடு தேடலை நிறுத்திவிடுகிறார்கள்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். "ஃபைலை காப்பி செய்ய முடியவில்லை" என்று வந்தால் முதலில் சி.டி.யைத் துடைப்பது, அடுத்து வேறு சி.டி., பிறகு வேறு டிரைவ், அதன் பிறகு ராம். நான்கையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி யார் என்று கடைசி வரை தெரியாது.

சி.டி. காலம் போய் பென் டிரைவ் வந்தும் கதை மாறவில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கான டிரைவர் இல்லாததால் விண்டோஸ் 11 நிறுவும்போதும் டிஸ்க் தெரியாமல் போவதுண்டு. பெயர்தான் வேறு, நோய் அதேதான்.

ஆகவே "டிஸ்க் போச்சு" என்று யாராவது சொன்னால், ஃபார்மட்டுக்குத் தலையாட்டும் முன் நாப்பிக்ஸ் போன்ற ஒரு லைவ் லினக்ஸில் பூட் செய்து பார்க்கலாம். இதற்கு எதையும் நிறுவத் தேவையில்லை. டிஸ்க் அதில் தெரிந்து, ஃபைல்களும் ஒழுங்காகத் திறந்தால் அது சாகவில்லை. தெரியாவிட்டால் கேபிளையும் பயாஸையும் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. எப்படியானாலும், தெரிந்த ஃபைல்களை முதலில் காப்பி எடுத்துவிட வேண்டும். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். புகைப்படங்கள் அப்படி இல்லையே!