நூறு தொள்ளாயிரமான கதை



வீட்டில் உபயோகிக்கும் யந்திரங்களைப் பற்றி மாதந்தோறும் இப்பகுதியில் எழுதி வருகிறேன். சென்ற இதழில் தண்ணீர் மோட்டாரைப் பற்றி எழுதினேன். இம்முறை என் வீட்டிலேயே உள்ள ஒரு யந்திரத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எழுதுவதற்குச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது. ஏனெனில் பிழை யந்திரத்தினுடையது மட்டுமன்று; என்னுடையதுங்கூட.

சாந்திபுரத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் வெவ்வேறு தெருக்களில் வசிக்கின்றன. பிழைப்பின் பொருட்டுத் தருமபுரியிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வந்தவர்கள் நாம். வெளியே தெலுங்கும், சற்றுத் தள்ளினால் கன்னடமும் கேட்கும் இம்மூன்று மாநில எல்லையில், நம் குழந்தைகளின் தமிழ் வகுப்புப் பாடங்கள், பெரியவர்களின் குரற் பதிவுகள், பழைய புகைப்படங்கள், சங்கக் கணக்கு ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைக்க எண்ணினோம். ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதை இரவும் பகலும் ஓடவிட்டு என் வீட்டுக் கூடத்தின் மூலையில் வைத்தேன். இதற்கு ‘சர்வர்’ என்று பெயர். ஹோட்டலில் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பவரையும் சர்வர் என்கிறோமல்லவா? இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. உறுப்பினர்கள் தத்தம் கைபேசியிலிருந்து கேட்பதை இது எடுத்துக் கொடுக்கும். கொடுப்பதை வாங்கி வைக்கும். சுமார் 40 வாட் மின்சாரம் இழுப்பதால் மாதத்திற்கு 29 யூனிட் செலவாகிறது.

சென்ற கார்த்திகை முதல் இந்தப் பெட்டி திடீர் திடீரென்று அணைந்து மீண்டும் எழத் தொடங்கியது. சில நாள் நள்ளிரவில் நிகழும்; சில நாள் பாடம் கேட்கும்போதே நிகழும். “ஊர் மின்சாரம் அப்படி” என்று முடிவு கட்டி, யு.பி.எஸ். ஒன்று வாங்கினேன். பயனில்லை. “ஹார்ட் டிஸ்க் பழையது” என்று அதையும் மாற்றினேன். அப்போதும் பயனில்லை. இரண்டு செலவுக்குப் பிறகும் நோய் இன்னதென்று நான் ஒரு நாளும் சோதிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அணைந்தால் எழுப்புவதும், எழுந்தால் மறப்புமாக இரண்டு மாதங்கள் கழிந்தன.

இவ்வாண்டு பொங்கல் விழாவிற்கு நன்கொடை வசூலிக்கும் பொறுப்பைக் கிரானைட் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். ஞாயிறு தோறும் நம் குழந்தைகளுக்குத் தமிழெழுத்துச் சொல்லிக் கொடுப்பவரும் அவரே. ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்து, அதே பட்டியலைத் தம் கைபேசியிலும் தட்டச்சு செய்து, சர்வருக்கு அனுப்பி வந்தார். விழா முடிந்து கணக்குப் பார்க்கையில் பட்டியலின் கூட்டுத்தொகை 19,350 ரூபாய். கையிலிருந்த ரொக்கம் 18,550. எண்ணூறு ரூபாய் குறைந்தது.

பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காசு விஷயத்தில் கண்டிப்பானவர். பலர் முன்னிலையில், “தம்பி, எண்ணூறு ரூபாய் இடிக்கிறதே, எங்கேயாவது செலவு செய்து எழுத மறந்தாயா?” என்று கேட்டுவிட்டார். “இல்லை ஐயா, வாங்கியதையெல்லாம் அப்படியே கொடுத்துவிட்டேன்” என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வகுப்பிற்கு வரவில்லை. குழந்தைகள் வாசலில் காத்திருந்து திரும்பினர்.

நான் ரயில்வே குமாஸ்தா. நாள் முழுதும் டிக்கெட்டுக் கணக்கும் ரொக்கமும் பார்ப்பவன். கணக்கு ஒத்துவராதபோது முதலில் ஆளைப் பார்க்காதே, வித்தியாசத்தைப் பார் என்பது எனக்கு வேலை பழக்கிய பெரியவர் சொன்ன பாடம். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், 54 என்பதை 45 என இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். வித்தியாசத்தின் பாதித்தொகை எங்கேனும் பதிவாகியிருந்தால், வரவைச் செலவுப் பக்கத்தில் எழுதியிருக்கலாம். எண்ணூறு ஒன்பதால் வகுபடாது. நானூறு என்றொரு பதிவும் இல்லை. ஆகவே ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒரு குடும்பத்தின் அடிக்கட்டையில் 100 ரூபாய். சர்வரிலிருந்த பட்டியலில் 900.

“தட்டச்சில் கை தவறியிருக்கும்” என்றே முதலில் நினைத்தேன். இளைஞரின் வீட்டிற்குப் போய், “தம்பி, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் காட்டு” என்றேன். “பாருங்கள் அண்ணா” என்று கைபேசியை நீட்டினார். அதில் 100 என்றே இருந்தது! அனுப்பியது நூறு, என் பெட்டியில் சேர்ந்தது தொள்ளாயிரம். அந்தக் கணத்தில்தான் இரண்டு மாதமாக அணைந்தெழும் பெட்டியின் நினைவு எனக்கு வந்தது.

ஒன்று எப்படி ஒன்பதாகும்? கம்ப்யூட்டர் ஒவ்வோர் எழுத்தையும் எட்டு விளக்குகளின் வரிசையாக வைத்துக்கொள்கிறது எனக் கொள்ளுங்கள். எரியும் விளக்கு 1, அணைந்தது 0. எளிய உரைக் கோப்பில் ‘1’ என்னும் இலக்கத்தின் குறி 00110001. ‘9’ என்னும் இலக்கத்தின் குறி 00111001. இரண்டிற்கும் வேற்றுமை ஒரே ஒரு விளக்கு. அது தவறுதலாக எரிந்தால் நூறு தொள்ளாயிரமாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. கோப்பு பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

இத்தகைய பிழை நம் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. 2003ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் தேசத்தில், ஸ்கார்பேக் என்னும் ஊரில், மின்னணு வாக்குப் பதிவில் ஒரு வேட்பாளருக்கு உண்மையாகக் கிடைத்ததற்கு மேல் 4,096 வாக்குகள் பதிவாகியிருந்தன. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கி வரும் எண்; அதாவது ஒரே ஒரு விளக்கின் மதிப்பு. விண்ணிலிருந்து வரும் கதிர்த்துகள் ஒன்று மோதியிருக்கலாம் என ஊகித்தார்கள், திட்டமாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பிழையின் உருவமே பிழையின் இனத்தைக் காட்டிக் கொடுத்தது. குமாஸ்தாவின் ஒன்பது வாய்பாடும் இதே வழியில் செல்வதுதான்.

இனி, நான் பின்பு செய்த சோதனையை முறையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எதற்கும் இது பொருந்தும்.

முதலாவது, பெட்டியை நிறுத்தினேன். நோயுள்ள யந்திரத்தைக் கொண்டே நகலெடுத்தால் நகலும் நோயுறும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, நண்பர் ஒருவருடைய கம்ப்யூட்டரில் இணைத்து, எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, நேரம், அப்போது பெட்டி செய்துகொண்டிருந்த வேலை, திரையில் தோன்றிய வாசகம் ஆகிய நான்கு பத்திகள். 1947ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மார்க் இரண்டு என்னும் கணிப்பொறியின் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த விட்டிற்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அவ்வளவு பெரிய யந்திரத்தை நடத்தியவர்களே குறிப்பேடு வைத்திருக்கும்போது நாம் வைக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, மின்சாரம். பெட்டிக்குள் 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் உறுப்பு 12, 5, 3.3 வோல்ட்டுகளைக் கொடுக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. மல்டிமீட்டரில் 12 வோல்ட் கம்பி 11.4க்குக் கீழே போனால் அதைச் சந்தேகிக்கலாம். என்னுடையதில் 12.1 காட்டியது. ஓர் எச்சரிக்கை: அந்த எஸ்.எம்.பி.எஸ். கூட்டை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதனுள் இருக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

நான்காவது, வெப்பம். கிரானைட் தூசி மிகுந்த ஊர் இது. விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் தூசி அடைத்தால் பிராசஸர் சூடேறும். சுமார் நூறு டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கு மேலும் ஏறினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். தூரிகையால் சுத்தம் செய்து, வெப்பத்தை அளந்து பார்த்தேன். அறுபதைத் தாண்டவில்லை.

ஐந்தாவது, ஹார்ட் டிஸ்க். தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்னும் பட்டியல் அதில் உண்டு. பழுதடைந்து ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்கிற்கு ஆயுள் குறைவு. சி.ஆர்.சி. பிழை மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளே குற்றவாளி. நான் அவசரப்பட்டுக் கழித்துவிட்ட பழைய டிஸ்கைப் பார்த்தேன், இரண்டும் பூஜ்யம். குற்றமற்றதைத் தண்டித்திருக்கிறேன்!

ஆறாவது, ராம் என்னும் நினைவகம். மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுதும் ஓடவிட்டேன். சில நிமிஷங்களில் முடிப்பது பயன்படாது. பல சுற்றுகள் ஓட வேண்டும். நான்காவது மணி நேரத்தில் திரையில் பிழை வரிகள் வரத் தொடங்கின. ஒவ்வொரு வரியிலும் தவறிய விளக்கு ஒன்றே; அதன் மதிப்பு எட்டு. ஒன்றை ஒன்பதாக்கியதும் அதே எட்டின் விளக்குத்தான்.

பெட்டியில் இரண்டு ராம் பட்டைகள் இருந்தன. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மட்டும் சோதித்தேன். பிறகு இடத்தை மாற்றிச் சோதித்தேன். ஒரு சமயத்தில் ஒரே மாற்றம் என்பதே இங்கு விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. முதற் பட்டை இரண்டு இடத்திலும் தேறியது. இரண்டாவது பட்டை இரண்டு இடத்திலும் தவறியது. ஆகவே பழுது மதர்போர்டில் இல்லை, பட்டையிலேதான். அதை நீக்கிய பின் இன்றுவரை பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை.

குறை ஒன்றே, முகம் இரண்டு. பழுதான அந்த இடத்தில் பெட்டி தனக்குரிய கட்டளையை வைத்திருந்த நாளில் பெட்டி அணைந்தது. நம் கணக்கை வைத்திருந்த நாளில் கணக்கு மாறியது. அணைந்ததை நான் தொல்லையாகக் கருதினேன். உண்மையில் அது எச்சரிக்கை.

கூகுள் நிறுவனத்தின் யந்திரங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, ஓராண்டில் நூறு ராம் பட்டைகளுள் எட்டிற்கு மேற்பட்டவை பிழை காட்டின என்று கூறுகிறது. பெரிய நிறுவனங்கள் ஈ.சி.சி. என்னும் வகையை உபயோகிப்பதன் காரணம் இதுவே. அதில் 64 விளக்குகளுக்குக் காவலாக மேலும் 8 விளக்குகள் உண்டு; ஒன்று தவறினால் தானே திருத்திவிடும். நம் சரக்கு வேகன்களின் பதினோரிலக்க எண்ணில் கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கவே இருப்பதுபோல் எனலாம். நம் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தக் காவல் கிடையாது.

பிரிட்டனில் 1999 முதல் 2015 வரை, அஞ்சல் நிலையங்களின் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அதை நம்பி, கிளை அஞ்சல் நிலையம் நடத்தியவர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். அவர்களுள் நம் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தினரும் உண்டு. 2024இல் பாராளுமன்றத்தில் சட்டம் இயற்றியே அத்தண்டனைகளை ரத்துச் செய்ய வேண்டியிருந்தது. அங்கே பழுது மென்பொருளில், இங்கே ராமில். ஆனால் யந்திரம் சொன்னதை நம்பி மனிதனைச் சந்தேகித்தது இரண்டு இடத்திலும் ஒன்றே. அயலூரில் பிழைக்கப் போனவர்களுக்கு நாணயம் என்ற பெயர்தானே முதல்? அது போனால் திரும்ப வாங்கக் கடை ஏது?

அடிக்கட்டையையும் சோதனைத் தாளையும் பொருளாளரிடம் காட்டினேன். பெரியவர் நெடுநேரம் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “அவன் வீட்டுக்கு வழி காட்டுங்கள்” என்றார். இருவருமாகப் போனோம். “தம்பி, நான் அவசரப்பட்டுவிட்டேன்” என்று அவரே முதலில் சொன்னார். இளைஞர் நாற்காலியை எடுத்துப் போட்டு, “உட்காருங்கள் ஐயா” என்றார். சென்ற ஞாயிறு முதல் வகுப்பு மறுபடி நடக்கிறது.

அந்த இரண்டு மாதத்தில் சர்வருக்கு அனுப்பிய கோப்புகள் அனைத்தையும் இப்போது மூலத்தோடு ஒப்பிட்டு வருகிறேன். மூன்று புகைப்படங்கள் பாதிக்குக் கீழே நிறம் மாறியிருக்கின்றன. கார்த்திகை முதல் தை முடியப் படமோ பதிவோ அனுப்பிய குடும்பத்தார், தங்கள் கைபேசியில் உள்ள மூலத்தை நான் சொல்லும் வரை அழிக்க வேண்டாம். ரசீதுப் புத்தகமும் தொடர்ந்து இருக்கட்டும்.

யு.பி.எஸ். பேட்டரியைப் பேணுவது பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். வாங்கியதுதான் வாங்கினேன், அதாவது பிறருக்குப் பயன்படட்டும்.