பந்தியும் ஆண்டெனாவும்

சென்ற மாதம் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்கிற்று. அமெரிக்காவில் இருக்கும் தன் பிள்ளைக்குத் தாலி கட்டுவதைக் காட்ட வேண்டுமென்று அத்தை கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள். அங்கே நடுராத்திரி, பாவம், தூங்காமல் காத்திருந்தான். அவன் முகம் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது. தாலி ஏறிய பிறகுதான் அசைந்தது!

"கோபுரம் எதிர் மாடியிலேயே நிற்கிறதே, ஏண்டா இப்படி?" என்று பந்தியில் உட்கார்ந்ததும் அத்தை என்னைக் கேட்டாள். அவள் கண் இன்னும் கலங்கியிருந்தது.

"மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதே நிமிஷத்தில் படம் அனுப்பினார்கள், அத்தை. அலைவரிசை அளவோடுதான் இருக்கிறது. பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு பருக்கைதான்."

"வேறு வழியே இல்லையா?"

வழி இருக்கிறது. அதைக் காட்டியவர் நம் பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைக்குச் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆண்டெனாக்களைக் கொண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பலாம் என்ற யோசனைக்கு அவரும் தாமஸ் கைலத்தும் 1994-ல் காப்புரிமை பெற்றார்கள். 2014-ல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. கோபுரத்தில் ஆண்டெனாக்களைப் பெருக்கிக்கொண்டே போனால் ஒரு கூட்டத்தையே ஒரே சமயத்தில் கவனிக்கலாம் என்று 2010-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்து தாமஸ் மார்செட்டா எழுதினார். இன்றைய 5ஜி கோபுரப் பெட்டிகள் சிலவற்றில் இப்படி 64 வழிகள் உண்டு. அத்தையின் கைப்பேசியோ பழையது. அதற்கு இந்த உபசாரம் கிடையாது.

"யார் பேச்சு யாருடையது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணை மூடிக்கொண்டாலும் யார் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? இரண்டு காதுகளும் விலகி இருப்பதால் சத்தம் ஒன்றில் முந்தியும் மற்றதில் பிந்தியும் விழுகிறது. பெட்டிக்கு அறுபது காது!"

"அப்படியானால் அதே பெட்டியில் ஆயிரத்தை அடைத்துவிட வேண்டியதுதானே?"

"இந்தப் பந்தியில் இலைமேல் இலை போட்டால் கூடுதலாக ஆள் சாப்பிட முடியுமா, அத்தை? 3300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். ஆண்டெனாக்களுக்கு நடுவே அதில் பாதியாவது இடம் வேண்டும். அதற்கும் நெருக்கினால் பக்கத்திலிருப்பது கேட்டதையேதான் இதுவும் கேட்கும். புதிதாக ஒன்றும் தெரியாது. கணக்கு எண்ணிக்கையில் இல்லை, இடத்தில்தான். ஒன்று, கூடத்தைப் பெரிதாக்க வேண்டும். அல்லது இலையை, அதாவது அலையைச் சின்னதாக்க வேண்டும். ஆனால் சின்ன அலை சுவரைத் தாண்டத் திணறும்."

அத்தை பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த கல்யாணத்துக்கு அவனை நேரிலேயே வரச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஓர் இலை போதும்."

இதற்கு எந்த விஞ்ஞானி பதில் சொல்ல முடியும்?