40 வாட் எதுக்கு, கண்ணுகளா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

போன வாரம் மவுத் ஆர்கனுக்கென்று ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் வாங்கிப் படம் போட்டிருந்தேன் அல்லவா? "3 வாட்டா? சார், பொம்மை வாங்கிட்டீங்களே" என்கிறான் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தவன். "சொல்லியிருந்தா நானே 60 வாட் அனுப்பியிருப்பேனே மாமா" என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை. இன்னொருவர், சொந்தம்தான், "இந்த வயசுல ஊதுறதே அதிகம், அதுக்கு ஸ்பீக்கர் வேறயா" என்று கேட்டிருக்கிறார்.

கடைசியாகக் கேட்டவருக்கு முதல் பதில். இரண்டு வருடம் முன்பு நிமோனியாவில் படுத்து எழுந்தவன் நான். மூச்சு பழைய மூச்சு இல்லை. மவுத் ஆர்கனில் ஊதினாலும் சுரம், இழுத்தாலும் சுரம். இரண்டையும் பலமாகச் செய்தால் நாலு வரியில் எனக்கு இரைக்கிறது. மெதுவாக வாசித்தால் எனக்கே சரியாகக் கேட்பதில்லை. மைக்கையும் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டால், மெல்லிய மூச்சையும் பெட்டி எடுத்துக்கொடுக்கும். 1950களில் சிகாகோவில் லிட்டில் வால்டர் இப்படிப் பொத்திப் பிடித்துத்தான் அந்தக் கருவிக்கே வேறொரு குரல் கொடுத்தார். அவருக்கு அது பாணி. எனக்கு அது மூச்சு மிச்சம். போதுமா?

இப்போது வாட்டுக்கு வருவோம். முதல் குற்றவாளி நான்தான். முன்பு அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில், "சார், 40 வாட்டா வாங்கிடுங்க, ஃபியூச்சர்ல யூஸ் ஆகும்" என்று ஒரு பையன் சொன்னதைக் கேட்டு ஒரு கிடார் ஆம்ப் வாங்கிவந்தேன். 67 வயதுக்காரனுக்கு என்ன ஃபியூச்சர் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்! வீட்டில் வைத்துக் குமிழை ஒன்றில் வைத்தால் ஒன்றும் கேட்காது. மயிரிழை நகர்த்தினால் ஜன்னல் அதிரும். மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றார். "அங்கிள், இப்பதான் தூங்க வச்சேன்" என்றார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குப் பேசியிருப்பேன். அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வது?

கணக்குப் போடுங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வாட் பத்து மடங்கு வேண்டும். ஆக, ஒரே ஸ்பீக்கரில் 3 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவ்வளவுதான். உடனே "அப்போ 40 ஒண்ணும் பெரிசில்லையே சார்" என்று கை தூக்காதீர்கள். திருப்பிப் பாருங்கள்: 3 வாட்டே பெரிது. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபலுக்குப் பக்கத்தில் சத்தம் போடும் ஸ்பீக்கர்கள் சாதாரணம். பத்துக்குப் பத்து அறையில் அதற்கு மேல் யாருக்குக் கேட்கவேண்டும்?

இன்னொரு வியாதி, ஊளை. பிரேயரில் ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்ததும் 'ஊய்ங்' என்று கத்துமே, அதுதான். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், மறுபடி பெருகி வருவது. கிடார் ஆம்புகளில் கெயின் அதிகம், ட்ரெபிளும் தூக்கல். அது கிடார்க்காரனுக்குச் சரி. கையில் மைக்கோடு நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு அது எமன். கெயினைக் குறை, ட்ரெபிளைக் குறை, வால்யூமை அதற்குப் பிறகு தொடு. பெட்டி உன் முகத்தைப் பார்க்கவேண்டாம். அதைத் தரையிலும் வைக்காதே, தரை வழியாக அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்கும். நான் நாற்காலியில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது ரோலண்ட் மைக்ரோ கியூப். 5 அங்குல ஸ்பீக்கர், ஆறு பென்சில் செல். கரண்ட் போனாலும் பாடும். மைக்குக்கென்றே அதில் தனியாக ஒரு நிலை உண்டு. ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். இரவு எட்டுக்கு மேல் எனக்கு அதுதான் கதி. ஒயர் உள்ள ஹெட்போன், ஞாபகம் இருக்கட்டும். புளூடூத்தில் சத்தம் தாமதித்து வரும், தாளம் நொண்டும். மேடை மைக் வைத்திருப்பவர்கள் கிடார் ஆம்பில் நேரடியாகச் செருகிவிட்டு "சத்தமே வரலை" என்று புலம்பாதீர்கள். அந்த மைக்கின் இம்பீடன்ஸ் குறைவு, ஆம்ப் கேட்பது அதிகம். நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கடைசியாக, எங்கள் குடியிருப்பு சங்கத்துக்கு. அந்த 40 வாட் கூத்துக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் "வீடுகளில் ஆம்ப்ளிஃபையர் கூடாது" என்று ஓர் அறிவிப்பு. பெயர் இல்லை, ஆனால் பிளாக்கில் ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் ஒரே ஆள் நான். ஐயா, 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்று அளவு இருக்கிறது. சத்தத்தை அளங்கள், பெட்டியை அல்ல. போன மாதம் நம் ஹாலில் நடந்த பிறந்தநாள் விழாவில் ஆள் உயர ஸ்பீக்கர் நாலு நின்றதே, அப்போது இந்தக் கொள்கை எங்கே போயிருந்தது? ஞாயிறு கூட்டத்துக்கு என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். கீழ்வீட்டுப் பெண்ணிடமும் வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது மேலே வாசிப்பது கேட்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த 40 வாட் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. உங்களில் யாராவது வாத்தியாராக இருந்து, பள்ளி ஆண்டு விழாவுக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போங்கள். காசு வேண்டாம். ஆட்டோ செலவு மட்டும் உங்களுடையது.