கிராமத்து வீட்டிற்கு எட்டாத இழை

கிராமப் பஞ்சாயத்துகள் சுமார் இரண்டரை லக்ஷத்தையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்க இந்திய சர்க்கார் 2011-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தீர்மானித்தனர். 2015-ல் அத்திட்டத்திற்கு ‘பாரத்நெட்’ என்று நாமகரணமும் நடந்தது. நோக்கம் சிலாக்கியமானதே. ஆயினும், வடம் பஞ்சாயத்து ஆபீஸோடு நின்றுவிடுமாயின், அரை மைலுக்கப்பாலுள்ள குடியானவன் வீட்டிற்கு அதனால் யாது பிரயோஜனம்?

தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதம் இத்தகைய காரியங்களுக்கென்றே வசூலாகிறது. கிராமவாசி செலுத்தும் கட்டணமும் அதிற் சேர்ந்ததே. ஆகவே அவன் கேட்பது சலுகையன்று, பாத்தியதை.

2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டமொன்று அங்கீகரிக்கப்பட்டது. பஞ்சாயத்துத் தலைமையூரல்லாத கிராமங்களுக்கும், கேட்டால் இழை தருவதாக அதில் வாக்களித்திருக்கின்றனர். கேட்பது நம் கடமை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இழைத் தொலைபேசியோ வீட்டில் மின்சாரம் நின்றவுடன் ஊமையாகிவிடும். புயலிரவில் வைத்தியரை அழைக்க வேண்டியவன் என் செய்வான்? இணைப்போடு பாட்டரியும் அளித்தல் அவசியம்.

எத்தனை மைல் வடம் புதைத்தோமென்று அதிகாரிகள் பெருமை பேசுகின்றனர். எத்தனை வீடுகளில் அது வேலை செய்கிறதென்ற கணக்கை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்க வேண்டுமென நாம் வற்புறுத்துகிறோம். நம் ஊழியர்கள் அடுத்த சபையிலேயே இக்கேள்வியை எழுப்புவார்களாக.